ஜெட் விமானமும் ஆறேழு குண்டுமணிச் செம்பும்

ஜெட் விமானம் பறப்பது மண்ணெண்ணெயில்தான் என்று சொன்னால், நம் வயதுக்காரர்களில் பலர் இன்னும் நம்புவதில்லை. அவ்வளவு பெரிய விமானத்துக்குப் பெட்ரோலைவிட உசத்தியான ஏதாவது ஒன்று வேண்டாமா என்று கேட்கிறார்கள். சீமை எண்ணெய் என்றும் கிருஷ்ணாயில் என்றும் சொல்லி, ரேஷன் கடை வரிசையில் நின்று டின்னில் வாங்கி வந்தோமே, அதே வகை எண்ணெயைத்தான் இன்னும் சுத்தம் செய்து விமானத்தின் இறக்கைக்குள் நிரப்புகிறார்கள். விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைப் பிரெஞ்சில் 'பெத்ரோல் லாம்பான்' என்பார்கள். விமானத்துக்கு ஊற்றும்போது அதற்குக் 'கார்ப்யுரெயாக்தேர்' என்று பெயர். பெயர்தான் நீளம். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே படியில்தான் இறங்குகின்றன.

"இன்னும் சுத்தம் செய்து" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு மூன்று வார்த்தைகளுக்குள் எண்பது வருடச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. எது சுத்தம், எது அழுக்கு, எவ்வளவு அழுக்கு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்துகொள்ளவே பெரிய பெரிய நாடுகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாரீசில் இருக்கும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க நம் ஊரிலிருந்து எத்தனையோ பேர் விமானம் ஏறுகிறோம். நம்மைச் சுமந்து போகும் அந்த எண்ணெயின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் என்ன?

முதலில் பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று அடித்து, பர்னரைச் சூடாக்கி, பற்ற வைத்தால் 'புஸ்' என்று நீல ஜுவாலை வரும். சில நாள் போனால் ஜுவாலை ஒரு பக்கம் சாயும், மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். உடனே வீட்டுப் பெண்கள் ஸ்டவ் பின்னை எடுத்து நிப்பிளைக் குத்துவார்கள். தூசி அடைத்துக்கொண்டது என்று நாம் நினைப்போம். தூசி பாதிக் காரணம்தான். பர்னரைக் கழற்றி உள்ளே பார்த்தவர்களுக்குத் தெரியும், குழாயின் உட்புறம் கன்னங்கரேல் என்று கரி ஏறியிருக்கும். அந்தக் குழாய்க்குள் தீயே கிடையாது, எண்ணெய் அதற்குள் எரியவே இல்லை. சூடான குழாய் வழியாகப் போனதால் மட்டுமே வந்த கரி அது. ஜெட் இன்ஜினுக்கும் இதே நோய்தான். 35,000 அடி உயரத்தில் பின்னை எடுத்துக் குத்த முடியாது என்பதுதான் வித்தியாசம்.

இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் வடிவமைத்த இன்ஜினோடு அந்த நாட்டின் முதல் ஜெட் விமானம் 1941 மே 15 அன்று பறந்தது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பெட்ரோல் ஒவ்வொரு சொட்டும் சண்டை விமானங்களுக்கு வேண்டியிருந்தது. விளக்கு எண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. ஜெட் இன்ஜின் எதைக் கொடுத்தாலும் எரித்துவிடும், எண்ணெயின் குணத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்றும் அப்போது எண்ணினார்கள். அப்படித்தான் விளக்கு எண்ணெய் வானத்தில் ஏறியது.

முதலில் வந்த கவலை குளிரைப் பற்றியது. உயரே போனால் கடுங்குளிர். எண்ணெய் உறைந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் 1944-ல் அமெரிக்க ராணுவம் ஜே.பி-1 என்ற பெயரில் முதல் விதிமுறையை எழுதியபோது, மைனஸ் 60 டிகிரி சென்டிகிரேட் வரை உறையக் கூடாது என்றது. அவ்வளவு குளிர் தாங்கும் எண்ணெய் போதிய அளவு கிடைக்கவில்லை. 1951-ல் பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் கலந்த ஜே.பி-4 வந்தது. கப்பலில் தீ ஆபத்து அதிகம் என்பதால், எளிதில் தீப்பற்றாத ஜே.பி-5 என்ற எண்ணெயைக் கடற்படை தனியாக ஏற்பாடு செய்துகொண்டது. இவ்வளவு யோசித்தவர்களுக்குச் சூடு ஒரு பிரச்சினையாக வரும் என்று தோன்றவில்லை. எரிக்கப் போகிற எண்ணெய் முன்கூட்டியே கொஞ்சம் சூடானால் என்ன கெட்டுப்போய்விடும்?

கெட்டுத்தான் போயிற்று. ஜெட் இன்ஜினில் எரிபொருளுக்கு எரிவதற்கு முன்னால் இன்னொரு வேலையும் உண்டு, சூட்டைச் சுமக்கும் கூலி வேலை. இன்ஜின் பேரிங்குகளுக்கு ஓடும் ஆயில் கொதிக்கக் கொதிக்கத் திரும்பி வரும். அதை எதைக் கொண்டு ஆற்றுவது? கார் போலத் தண்ணீர் ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. கையிலேயே டன் கணக்கில் குளிர்ந்த மண்ணெண்ணெய் இருக்கிறது. ஆயில் குழாயையும் மண்ணெண்ணெய்க் குழாயையும் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடவிட்டால் ஆயில் ஆறும், மண்ணெண்ணெய் சூடேறும். நல்ல யோசனைதான். ஆனால் இன்ஜின் பெரிதாகப் பெரிதாக, வேகம் கூடக் கூட, அந்தச் சூடும் ஏறியது. தீப்பிடிக்கும் இடத்துக்கு வந்து சேரும்போது எண்ணெய் 150 டிகிரியைத் தொட ஆரம்பித்தது.

1950-களில் ஜே-57 போன்ற புதிய அமெரிக்க இன்ஜின்களில் கோளாறு வெளிப்பட்டது. எண்ணெயைப் பன்னீர் தெளிப்பது போலத் தூவும் நாசில்களில் பழுப்பு நிற வார்னிஷும் கரியும் படிந்தன. தூவல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஜுவாலையும் சாயும். சாய்ந்த ஜுவாலை, படக் கூடாத உலோகத்தை நக்கும். வடிகட்டிகள் அடைத்தன. ஆயிலை ஆற்றும் குழாய்களின் சுவரில் பிசின் ஏறியதால் சூடு சரியாக இறங்கவில்லை. மயிரிழை இடைவெளியில் நகர வேண்டிய வால்வுகள் ஒட்டிக்கொண்டன. இதில் புதிராக இருந்தது எதுவென்றால், அந்த எண்ணெய் அன்றைக்கு இருந்த எல்லாப் பரீட்சையிலும் பாஸ் செய்த எண்ணெய். பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவு. தூசி இல்லை, ஈரம் இல்லை. குளிர்ந்த நிலையில் சுத்தமாக இருந்த அதே எண்ணெய், சூடான நிலையில் அழுக்காக இருந்தது.

காரணத்தை நம் சமையலறையிலேயே பார்க்கலாம். பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் நிறம் மாறும், கனக்கும், சிக்கு வாடை வீசும். வாணலியின் ஓரத்தில் சுரண்டினாலும் போகாத பிசுக்கு ஏறும். எண்ணெயில் காற்றின் ஆக்சிஜன் சேர்ந்து செய்யும் வேலை அது. விமான எண்ணெயிலும் காற்று கரைந்திருக்கிறது. பத்து லட்சம் பங்கு எண்ணெயில் சுமார் 70 பங்கு ஆக்சிஜன். குளிரில் அது சும்மா கிடக்கும். சூடு கண்டதும் எண்ணெயின் மூலக்கூறுகளோடு சேர்ந்து பெராக்சைடு என்ற நிலையற்ற பொருளை உண்டாக்கும். அது உடைந்து அடுத்ததைத் தூண்டும், அது இன்னொன்றைத் தூண்டும். சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

சுத்தமான மண்ணெண்ணெய் மட்டும் இருந்தால் இந்தச் சங்கிலியால் பெரிய கேடு வராது. உண்டாகும் பொருள்கள் எண்ணெயிலேயே கரைந்து, அதோடு எரிந்து போகும். ஆனால் பூமிக்கடியிலிருந்து வரும் எண்ணெயோடு வேறு சிலவும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கந்தகம் சேர்ந்த பொருள்கள், நைட்ரஜன் சேர்ந்த பொருள்கள், பீனால் வகைகள். இவை ஆக்சிஜன் பட்டதும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு, எண்ணெயில் கரையாத பெரிய உருண்டைகளாகத் திரள்கின்றன. அவைதான் சூடான உலோகச் சுவரில் போய் ஒட்டி முதலில் கோந்தாகவும், பிறகு வார்னிஷாகவும், கடைசியில் கரியாகவும் ஆகின்றன. எண்ணெயில் இவற்றின் அளவு மிகச் சொற்பம். ஆனால் ஒரு விமானத்தில் ஒரு பயணத்துக்கே பல்லாயிரம் லிட்டர் அந்தக் குழாய் வழியாகப் போகிறது. லிட்டருக்குத் தூசி அளவு படிந்தாலும் நாளடைவில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கந்தகத்தோடு இன்னொரு சிக்கலும் வந்தது. மெர்காப்டன் என்று ஒரு கந்தக வகை, சகிக்க முடியாத நாற்றம் அதற்கு. சமையல் கேஸ் கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்று கலக்கிறார்களே, அந்த நாற்றத்தின் சொந்தக்காரர் இவர்தான். இந்த நாற்றத்தைப் போக்கச் சுத்திகரிப்பு ஆலைகளில் அந்தக் காலத்தில் கையாண்ட வழிகளில் ஒன்று செம்பு உப்பைப் பயன்படுத்துவது. நாற்றம் போயிற்று. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு செம்பு எண்ணெயில் தங்கிவிட்டது. மருந்தே நோயான கதை.

எண்ணெய்க்கும் செம்புக்கும் ஆகவே ஆகாது. கல்யாணத் தரகரைப் போல, இரண்டு வீட்டாரைச் சேர்த்து வைத்துவிட்டு, தான் செலவாகாமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடும். எண்ணெயையும் ஆக்சிஜனையும் அப்படித்தான் அது சேர்த்து வைக்கிறது. நூறு கோடி பங்கு எண்ணெயில் 50 பங்கு செம்பு இருந்தாலே போதும், நல்ல எண்ணெயும் சூட்டில் தோற்றுவிடும். இந்த அளவை மனத்தில் வாங்குவது கஷ்டம் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20,000 லிட்டர் பிடிக்கும் ஒரு டேங்கர் லாரி. அதிலுள்ள எண்ணெயின் எடை சுமார் 16 டன். இந்தக் கணக்கில் அதிலிருக்கும் செம்பு ஒரு கிராம் கூட இல்லை. ஆசாரி தராசில் வைத்தால் ஆறேழு குண்டுமணி எடை, அவ்வளவுதான்! ஒரு லாரி எண்ணெயைக் கெடுக்க அது போதும்.

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பையும் மோரையும் வைக்கக் கூடாது, களிம்பு ஏறிவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்து துருத்தி ஊதி, பாத்திரங்களுக்கு ஈயம் பூசித் தருவார். செம்பைத் தொடுகிற பொருள் செம்பைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கக் கடற்படைக்கு இதே தொல்லை வேறு உருவத்தில் வந்தது. விமானம் தாங்கிக் கப்பல்களில் எரிபொருள் குழாய்களைச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் செய்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கரையில் சுத்தமாக ஏற்றிய ஜே.பி-5 எண்ணெய், கப்பலின் குழாய்களில் தங்கித் தங்கிச் செம்பைக் கரைத்துக்கொண்டு, விமானத்துக்குள் போகும்போது கெட்ட எண்ணெயாகப் போயிற்று. கப்பலின் குழாய்களையெல்லாம் பிடுங்கி மாற்றுவது லேசான காரியமா?

குழாயை மாற்ற முடியாவிட்டால் செம்பைக் கட்டிப் போட வேண்டும். அதற்கான கயிறு அதற்கும் முன்பே தயாராகியிருந்தது. தயாரித்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் பெடர்சன். இவர் கதை தனிக் கதை. 1904-ல் கொரியாவின் பூசான் துறைமுக நகரத்தில் பிறந்தவர். தந்தை நார்வேக்காரர், கப்பல் இன்ஜினியர். தாய் ஜப்பானியப் பெண்மணி. பையனை ஜப்பானில் யோகோஹாமாவில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். பிரான்சின் போர்தோ நகரில் தோன்றிய மரியானிஸ்ட் சபையின் பிரதர்கள் நடத்திய பள்ளி அது. அதே சபை அமெரிக்காவில் டேட்டன் நகரில் நடத்திய கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தார். பிறகு எம்.ஐ.டி.யில் ஒரு முதுகலைப் பட்டம். டாக்டர் பட்டத்துக்கும் படி என்று பேராசிரியர்கள் வற்புறுத்தினார்கள். இன்னும் எத்தனை நாள் அப்பா பணத்தில் படிப்பது என்று சொல்லிவிட்டு, 1927-ல் டூபாண்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

1930-களில் கார் பெட்ரோலிலும் இதே கோந்துத் தொல்லை இருந்தது, அதற்கும் செம்புதான் தரகு வேலை பார்த்தது. பெடர்சனும் அவருடைய சகாக்களும் ஒரு பொருளைக் கண்டார்கள். அதன் மூலக்கூறு செம்பு அணுவை நாலு பக்கமும் வளைத்துப் பிடித்துக்கொள்ளும். கெமிஸ்ட்ரியில் இந்தப் பிடிக்குக் 'கெலேட்' என்று பெயர். நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நண்டு பிடித்த விரலுக்குத்தான் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். செம்பு எண்ணெயில்தான் இருக்கும், ஆனால் எதையும் தொட முடியாது. அதே மருந்தைப் பிறகு விமான எண்ணெய்க்கும் அனுமதித்தார்கள். புது எண்ணெயில் முதலில் கலக்கும்போது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அவ்வளவு கொஞ்சமே போதும்.

இதற்கிடையில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒன்றையொன்று வேவு பார்க்கும் காலம் வந்தது. 70,000 அடிக்கு மேல் பறக்கும் யு-2 உளவு விமானம் 1955-ல் தயாரானது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் மிகக் குறைவு. சாதாரண எண்ணெய் டேங்கிலேயே ஆவியாகிப் போகும். ஷெல் கம்பெனி அதற்கென்று தனி எண்ணெய் தயாரித்தது. பின்னாளில் அதற்கு வைத்த பெயரிலேயே 'சூட்டைத் தாங்கும்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். அதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அந்த எண்ணெய்க்கு வேண்டிய சரக்கும், கொசுவுக்கு அடிக்கும் ஃப்ளிட் மருந்துக்கு வேண்டிய சரக்கும் ஒன்றே. நம் வீடுகளிலும் ஃப்ளிட் பம்ப் இருந்ததே, அதே ஃப்ளிட். ரகசிய விமானத்துக்காகச் சரக்கைத் திருப்பிவிட்டதால் அந்த ஆண்டு அமெரிக்கா முழுவதும் ஃப்ளிட் தட்டுப்பாடு வந்தது என்று சி.ஐ.ஏ.வின் சொந்த வரலாறே எழுதி வைத்திருக்கிறது. கடையில் ஏன் கொசு மருந்து இல்லை என்று கேட்ட அமெரிக்கர்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்து வந்த எஸ்.ஆர்-71 விமானம் 1964 டிசம்பரில் முதலில் பறந்தது. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகம். காற்று உரசும் உரசலில் விமானத்தின் மேல்தோலே அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். விமானியின் அறை, ஹைட்ராலிக் எண்ணெய், மற்ற கருவிகள் எல்லாவற்றின் சூட்டையும் எரிபொருள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கென்று வந்த ஜே.பி-7 எண்ணெயில் கந்தகமும் நைட்ரஜனும் ஏறக்குறைய இல்லாதபடி நீக்கினார்கள். எளிதில் எரியாத அந்த எண்ணெயைப் பற்ற வைப்பதற்கே வேறொரு ரசாயனத்தைப் பீச்ச வேண்டியிருந்தது.

1969 மார்ச் 2 அன்று துலூஸ் நகரில் முதலில் பறந்த கான்கார்டும் சூட்டைத் தன் எண்ணெயில்தான் இறக்கியது. ஆனால் அது பயணிகள் விமானம். போகிற ஊரில் கிடைக்கிற எண்ணெயைத்தான் நிரப்பியாக வேண்டும். ஆகவே மற்ற விமானங்களுக்கு ஊற்றிய சாதாரண ஜெட் ஏ-1 எண்ணெயிலேயே அது ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறந்தது. உளவு விமானத்துக்குத் தனி எண்ணெய் காய்ச்சலாம். ஊர் ஊராகப் போகும் விமானத்துக்கு ஊர் எண்ணெய்தான். அப்படியானால் எல்லா ஊர் எண்ணெயும் ஒரே தரத்தில் இருக்கிறது என்று உறுதி செய்ய ஒரு பரீட்சை வேண்டும்.

1950-களில் வந்த முதல் பரீட்சைக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது, எண்ணெயும் நிறையச் செலவாயிற்று. 1970-களில் அதைவிடச் சிறிய கருவி வந்தது. இன்றும் உலகம் முழுவதும் அதுதான் நடைமுறை. விரல் பருமன்கூட இல்லாத பளபளப்பான அலுமினியக் குழாய் ஒன்றை 260 டிகிரிக்குச் சூடாக்கி, அதைத் தழுவியபடி எண்ணெயை நிமிடத்துக்கு 3 மில்லி வீதம் இரண்டரை மணி நேரம் ஓடவிடுவார்கள். பிறகு குழாயை எடுத்து, அதன் மேல் ஏறியிருக்கும் நிறத்தை ஒரு வண்ண அட்டையோடு ஒப்பிடுவார்கள். இளம் பழுப்பை எட்டாத வரை பரவாயில்லை. அதை எட்டினாலோ, அதற்கு மேல் கறுத்தாலோ எண்ணெய் பெயில். மழைக்காலத்தில் ரோட்டில் சிந்திய ஆயில் வானவில்லாக மின்னுமே, அப்படி நீலமும் பச்சையுமாக மின்னினாலும் பெயில். அந்த நிறத்துக்கு விதிப் புத்தகத்தில் வைத்திருக்கும் பெயரே 'மயில்' என்பதுதான். எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் மயில் தென்பட்டால் சகுனம் சரியில்லை என்று அர்த்தம்.

பிறகு ஒரு விசித்திரமும் தெரிய வந்தது. அழுக்கையெல்லாம் நீக்கி, ஹைட்ரஜன் செலுத்திப் பளிங்கு மாதிரி ஆக்கிய எண்ணெய், சூட்டில் கரி படியாமல் இருந்தது உண்மை. ஆனால் அது ஆக்சிஜனோடு மிக வேகமாகச் சேர்ந்தது. டேங்கில் சும்மா இருக்கும்போதே பெராக்சைடு ஏறி, விமானத்தின் ரப்பர் பாகங்களை அரிக்கும் ஆபத்து வந்தது. காரணம், நீக்கிய அழுக்கில் எண்ணெயைக் காப்பாற்றும் இயற்கைப் பொருள்களும் சேர்ந்து போய்விட்டன. பீனால் வகைகளில் சில கரியை உண்டாக்குவதும் உண்மை, அவையே ஆக்சிஜன் சங்கிலியை அறுப்பதும் உண்மை. தவிட்டோடு சத்தும் போன பட்டை தீட்டிய அரிசி மாதிரி. ஆகவே இப்படிச் சுத்தம் செய்த எண்ணெயில், நீக்கியதற்குப் பதிலாக ஒரு பாதுகாப்பு மருந்தை வெளியிலிருந்து கலக்க வேண்டும் என்று விதி போட்டார்கள்.

1990-களில் அமெரிக்க விமானப்படை, எண்ணெயைத் தனியாகக் காய்ச்சாமல் சாதாரண எண்ணெயிலேயே மருந்து கலந்து, அது தாங்கும் சூட்டை 100 டிகிரி பாரன்ஹீட் கூட்ட முடியுமா என்று முயன்றது. சென்டிகிரேடில் சொன்னால் சுமார் 163-லிருந்து 218. முடிந்தது. ஆக்சிஜனைத் தடுக்க ஒன்று, செம்பைக் கட்ட பெடர்சனின் நண்டுக் கொடுக்கு, உண்டான பிசினைத் திரளவிடாமல் கலைத்துவிட மூன்றாவதாக ஒன்று. கடைசி மருந்துக்கு மட்டும் ஒரு கெட்ட குணம் இருந்தது. சோப்பு மாதிரி வேலை செய்வதால், எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளை ஏமாற்றிவிடும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று இடிக்கும்.

இந்த ஆராய்ச்சி நடந்த ஊர் டேட்டன். பெடர்சன் படித்த அதே டேட்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் விமானப்படையோடு சேர்ந்து இதில் பாடுபட்டார்கள். அவர் கண்ட மருந்து சுற்றிச் சுற்றி அவர் படித்த ஊருக்கே வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் பெடர்சன் வேறொரு காரணத்துக்காக உலகப் புகழ் அடைந்திருந்தார்.

1960-களின் தொடக்கம். அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. நம் ஊர்க் கணக்கில் பென்ஷன் பேப்பர்களைச் சரி பார்க்கும் வயது. உலோகத்தைப் பிடிக்கும் புதுக் கொடுக்கு ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்ட மூலப் பொருளில் வேண்டாத கலப்பு சுமார் 10 சதவீதம் இருந்தது. தெரிந்தேதான் மேலே போனார். வந்ததெல்லாம் பிசுபிசுப்பான குழம்பு. அதற்குள் பட்டு நூல் போல வெள்ளையாகக் கொஞ்சம் படிகம், நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் கழுவி ஊற்றியிருப்பார்கள். இவர் அதை எடுத்துச் சோதித்தார். அது ஒரு வளையம். சோடியம், பொட்டாசியம் போன்ற உலோக அணு, மோதிரத்தில் கல் பதிந்த மாதிரி அந்த வளையத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. அப்படி நடக்கும் என்று அதுவரை யாரும் எண்ணியதில்லை. அந்த வளையத்தை உண்டாக்கியது அவர் நீக்காமல் விட்ட அந்தக் கலப்புத்தான்.

1967-ல் அவர் அதை வெளியிட்டார். 1969-ல், 42 வருட சர்வீஸுக்குப் பிறகு ஓய்வு பெற்றார். 1987-ல் கெமிஸ்ட்ரி நோபல் பரிசு அவருக்கும், டொனால்ட் கிராமுக்கும், பிரான்சின் ஸ்திராஸ்பூர் பேராசிரியர் ழான்-மரி லேனுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பெடர்சனுக்கு அப்போது 83 வயது. டாக்டர் பட்டம் இல்லாமலேயே நோபல் பரிசு வாங்கிய வெகு சிலரில் அவரும் ஒருவர். வாழ்நாளின் முதல் பாதியில் ஆறேழு குண்டுமணி அழுக்கை அடக்க வழி கண்டவர், பிற்பாதியில் இன்னொரு அழுக்கு எதைச் சொல்ல வருகிறது என்று நின்று பார்த்தார். இரண்டும் ஒரே கவனம்தான்.

இப்போது இந்த எண்ணெய்க் கதையில் அடுத்த அத்தியாயம் ஆரம்பித்திருக்கிறது. தாவர எண்ணெயிலிருந்தும், ஹோட்டல்களில் பலகாரம் சுட்டு மிஞ்சிய பழைய எண்ணெயிலிருந்தும் விமான எரிபொருள் தயாரிக்கிறார்கள். 2011-லிருந்து அதைச் சாதாரண எண்ணெயில் பாதி வரை கலக்க அனுமதி உண்டு. வாணலியில் பிசுக்கு ஏற்றிய அதே எண்ணெய் விமானத்துக்கா என்று நமக்குத் தோன்றும். அந்தச் சந்தேகம் விதி எழுதியவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். புது எண்ணெயைக் கலப்பதற்கு முன் தனியாக அந்த அலுமினியக் குழாயில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் வழக்கமான 260 டிகிரியில் அல்ல, 325 டிகிரியில் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து வந்தாய் என்று அந்தக் குழாய் கேட்பதில்லை. சூட்டில் நிறம் மாறாமல் இருந்தால், மயில் தென்படாமல் இருந்தால், ஹோட்டல் எண்ணெயும் பறக்கலாம்.